துருப்பிடித்த நட்டுகளோடு ஒரு கோடை

வேலை போன பிறகு நான் ஸ்ரீரங்கத்தில் அப்பாவின் வீட்டுக்கு வந்து சேர்ந்தது ஒரு பங்குனி மாதத்தில். சென்னையில் நான் கணக்குப் பிரிவில் இருந்த கம்பெனி தன் அலுவலகத்தை வடக்கே மாற்றிக்கொண்டது. இளைஞர்களை மட்டும் தங்களோடு அழைத்துக்கொண்டு போனார்கள். ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்த எங்களுக்கு ஆளுக்கொரு பூங்கொத்து கொடுத்தார்கள். மனைவிக்குச் சென்னையில் வேலை இருந்தது, மகள் பத்தாம் வகுப்பு. "கொஞ்ச நாள் ஊருக்குப் போயிட்டு வாங்கோ, மாறுதலா இருக்கும்" என்றாள் மனைவி. பகலெல்லாம் நான் பனியனோடு சோபாவில் உட்கார்ந்திருப்பதை அவளால் பார்க்க முடியவில்லை. எனக்கும் அவள் பார்ப்பதைத் தாங்க முடியவில்லை.

அப்பா அரசாங்கத்தில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். எண்பதைத் தாண்டியும் முதுகு வளையாதவர். சாயங்காலமானால் பெருமாளைச் சேவித்துவிட்டு நண்பர்கள் மூன்று நான்கு பேர் நேராக எங்கள் கூடத்துக்கு வந்துவிடுவார்கள். எல்லோருமே ஓய்வு பெற்றவர்கள். யார் பிள்ளை எங்கே இருக்கிறான், யார் பெண்ணுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது என்பதெல்லாம் அந்தக் கூடத்தில்தான் முதலில் தெரியவரும்.

நான் வந்த சில நாட்களிலேயே அவர்களில் ஒருவர், வங்கி மேனேஜராக இருந்தவர், என்னைப் பார்த்துக் கேட்டார்.

"என்னப்பா, எத்தனை நாள் லீவு?"

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். "லாங் லீவ் போட்டிருக்கான். நம்ம காரை ரெடி பண்ணி ஓட்டணும்னு அவனுக்கு ரொம்ப நாளா ஆசை. அதுக்குன்னே வந்திருக்கான்."

அப்படி ஓர் ஆசை எனக்கு இருப்பது அப்போதுதான் எனக்கே தெரியும். நண்பர்கள் போன பிறகு அப்பா என்னைப் பார்க்காமலே சொன்னார். "நாளைலேர்ந்து ஆரம்பி. சும்மாதானே இருக்கே. வெயில் தாழ்ந்தப்பறம் பண்ணு. சாயங்காலம் அந்தப் பக்கம் காத்து வரும்."

எங்கள் வீட்டின் கொல்லைப்பக்கம் ஒரு சந்தில் திறக்கும். அங்கே தகரம் வேய்ந்த ஷெட்டில் அந்த வெள்ளைக் கார் பத்துப் பன்னிரண்டு வருஷமாக நின்றுகொண்டிருந்தது. அப்பா பதவியில் இருந்தபோது வாங்கியது. அதில்தான் நாங்கள் குணசீலம், திருவெள்ளறை எல்லாம் போவோம். ஏதோ ஒரு நாள் நின்றுவிட்டது. பெட்ரோல் பம்ப் போய்விட்டது, அதற்குச் சாமான் கிடைக்கவில்லை என்று அப்பா அப்போது போனில் சொன்ன ஞாபகம். அதற்கு மேல் நான் கேட்டுக்கொண்டதில்லை.

உண்மையைச் சொன்னால் அன்று எனக்கு அப்பாவின் மேல் கோபம் வரவில்லை. வேலை போன மகனை நாலு பேர் முன்னால் காப்பாற்றியிருக்கிறார் என்றுதான் எடுத்துக்கொண்டேன். அவரிடமிருந்து அந்த மாதிரி எதுவும் எனக்கு அதிகம் கிடைத்ததில்லை. அதனால் மறுநாள் சாயங்காலமே ஷெட்டைத் திறந்தேன்.

பானட்டைத் தூக்கியதும் எலிகள் கட்டிய கூடு, பஞ்சு, காகிதத் துணுக்கு, உலர்ந்த புழுக்கை. எல்லாவற்றையும் அள்ளிப் போட்ட பிறகு தெரிந்த என்ஜின் ஒரே பழுப்பு நிறமாக இருந்தது. சார்ஜ் ஏற்றிய ஒரு பேட்டரியை இணைத்துச் சாவியைத் திருப்பினால் ஒரு 'டொக்' சத்தம், அவ்வளவுதான். என்ஜினின் முன்பக்கக் கப்பியில் ஸ்பேனரை மாட்டிக் கையால் சுற்றிப் பார்த்தேன். அசையவே இல்லை. செல்போனில் இதையெல்லாம் செய்து காட்டுகிறவர்களின் வீடியோக்களைப் பார்த்தேன். பிஸ்டன்கள் உள்ளே துருவேறிப் பிடித்துக்கொண்டிருக்கும், என்ஜினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிவிட்டுத்தான் பார்க்க முடியும் என்று தெரிந்தது. ஹெட்டுக்குப் போவதற்கு முன்னால் பக்கவாட்டில் இருக்கும் புகைக்குழாயைக் கழற்ற வேண்டும். அதைப் பிடித்திருந்த நட்டுகளிடம்தான் என் கோடைக்காலம் போயிற்று.

பல வருஷம் நெருப்பில் வெந்து, பிறகு பல வருஷம் மழைக்காற்றில் நின்ற நட்டுகள். எது நட்டு, எது அது ஏறியிருக்கும் மரைக்கம்பியான ஸ்டட் என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. முதல் நாள் ஸ்பேனரை மாட்டி முழு பலத்தோடு இழுத்தேன். நட்டு திரும்பவில்லை, அதன் முனைகள்தான் மழுங்கின. ஸ்பேனர் வழுக்கி என் விரல் முட்டிகள் நாலும் இரும்பில் மோதித் தோல் பிய்ந்தன. டெட்டாலோடு வந்த அம்மா, "இதெல்லாம் நோக்கு எதுக்குடா" என்று சொல்லிக்கொண்டே பஞ்சை வைத்து அழுத்தினாள்.

மறுநாள் பஸ் ஏறிக் காந்தி மார்க்கெட் பக்கம் ஹார்ட்வேர் கடைக்குப் போனேன். துரு இளக்குகிற ஸ்பிரே, ஆறு பக்கமும் கவ்வுகிற பாக்ஸ் ஸ்பேனர், கம்பித் தூரிகை, கையில் பிடிக்கிற கேஸ் டார்ச் ஒன்று. வந்து ஒவ்வொரு நட்டையும் தூரிகையால் தேய்த்து ஸ்பிரேயை அடித்தேன். ஊறட்டும் என்று விட்டேன். அடுத்த நாளும் அடித்தேன். அதற்கடுத்த நாளும் அடித்துவிட்டு, நட்டின் தலையில் சின்னச் சுத்தியலால் தட்டினேன். அந்த அதிர்ச்சியில் எண்ணெய் மரைக்குள் இறங்கும் என்று சொல்லியிருந்தார்கள்.

பொறுமை என்பது எனக்கு அப்போது வேறு வழியில்லாததால் வந்தது. வேலைக்கு விண்ணப்பித்த இடங்களிலிருந்து பதில் வரவில்லை. பகலில் செல்போனைத் திறந்து திறந்து பார்ப்பேன். சாயங்காலம் ஷெட்டுக்கு வந்தால் அங்கே எனக்குப் பதில் சொல்லக்கூடிய ஏதோ ஒன்று இருந்தது. முதல் நட்டு விட்டுக்கொடுத்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. டார்ச்சால் அது மங்கிய சிவப்பாகும் வரை சுட்டேன். கொஞ்சம் ஆறியதும் மெழுகுவர்த்தியை அதன் மேல் வைத்தேன். மெழுகு உருகி மரைக்குள் ஓடியது. பிறகு உடனே கழற்றப் பார்க்காமல், முதலில் இறுக்குகிற பக்கமாக ஒரு மயிரிழை தள்ளினேன். கிரீச்சென்று ஒரு சத்தம். அப்புறம் எதிர்ப்பக்கம். கொஞ்சம் வந்தது. மறுபடி இறுக்கு, மறுபடி கழற்று. கையில் விழுந்த அந்த நட்டைத் துடைத்து, போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்பினேன். "சூப்பர்ப்பா. லீவுக்கு வந்தா அதுல போலாமா?" என்று பதில் வந்தது. போலாம் என்று போட்டேன்.

அப்பா தினம் ஒரு தடவை ஷெட்டு வாசல் வரைக்கும் வருவார். உள்ளே வர மாட்டார். வேஷ்டி நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார்.

"இடது பக்கம்தானே திருப்பறே?"

"ஆமாம்ப்பா."

"ஒரு நட்டுக்கு ஒரு வாரமா? சின்ன வயசுலேர்ந்தே உன் கையில பிடி கிடையாது."

சொல்லிவிட்டுப் போய்விடுவார். சற்று நேரத்தில் கூடத்தில் நண்பர்களின் பேச்சுச் சத்தம் கேட்கத் தொடங்கும். ஒன்றிரண்டு தடவை அந்த வங்கி மேனேஜர் மாமா எட்டிப் பார்த்து, "பெரிய வேலைதான் இது, பேஷ்" என்றார். அப்பா அவருக்குப் பின்னால் நின்று, "விட மாட்டான், பிடிவாதக்காரன்" என்றார். அந்தக் குரலில் பெருமை இருந்ததாக எனக்குப் பட்டது. அன்று கொஞ்சம் கூடுதல் நேரம் வேலை செய்தேன்.

கடைசி ஸ்டட் என்னைப் பாடாய்ப் படுத்தியது. சூடு, மெழுகு, தட்டல், எல்லாம் செய்தும் அசையவில்லை. எனக்கும் ஆத்திரம் வந்துவிட்டது. ஸ்பேனரின் பிடியில் ஒரு நீளக் குழாயைச் செருகி உடம்பின் கனத்தையெல்லாம் போட்டுத் தொங்கினேன். திடீரென்று இலகுவாகத் திரும்பியது. வந்துவிட்டது என்று ஒரு கணம் சந்தோஷப்பட்டேன். வந்தது நட்டு மட்டுமல்ல, பாதி ஸ்டட்டும்தான். மீதிப் பாதி உள்ளேயே முறிந்து நின்றது. அன்று சாப்பிடவில்லை. அம்மா தளிகை ஆகிவிட்டதென்று இரண்டு தடவை கூப்பிட்டாள். கை கழுவ மனமில்லாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

முறிந்த துண்டைப் பார்க்க, திருவானைக்காவலிலிருந்து ஒரு வெல்டரைக் கூட்டிவந்தேன். அவர் அந்தத் துண்டின் மேல் ஒரு புது நட்டை வைத்து உள்ளே பற்றவைத்தார். சிவந்திருக்கும்போதே ஸ்பேனரைப் போட்டு, முன்னும் பின்னுமாக ஆட்டி ஆட்டி எடுத்தார். முதல் இரண்டு தடவை பற்று விட்டுப்போனது. மூன்றாவது தடவை வந்தது. புகைக்குழாய் கழன்றது. அதன் பிறகு ஹெட்டின் நட்டுகள் அவ்வளவு மோசமில்லை. எண்ணெய்ப் பிசுக்குக்குள் இருந்ததால் அதிகம் துருவேறவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக, ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்து, எல்லாவற்றையும் தளர்த்தினேன். மரச் சுத்தியலால் சுற்றிலும் தட்டியதும் ஹெட் ஒரு பெருமூச்சு போல ஒலியெழுப்பி விட்டது.

உள்ளே நாலு சிலிண்டர்கள். இரண்டில் துரு. அவற்றில் டீசலை ஊற்றி ஊற விட்டேன். சில நாளில் கப்பியில் மாட்டிய ஸ்பேனர் அரை விரல் அளவு நகர்ந்தது. என்ஜின் சுற்றியது. நான் தனியாக நின்று சிரித்தேன். வேலை போனதிலிருந்து அப்படிச் சிரித்த ஞாபகம் இல்லை.

ஹெட்டின் அடிப்பரப்பைத் தேய்த்து மட்டம் பிடிக்க வேண்டும். அதைக் கோணியில் சுற்றி ஆட்டோவில் ஏற்றிப் பாலக்கரைப் பக்கம் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். பட்டறைக்காரர் என் வயதுதான் இருப்பார். ஹெட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு எந்தக் கார், எந்தத் தெரு என்றெல்லாம் கேட்டார். சொன்னேன்.

"அப்பா பெரிய ஆபீசரா இருந்தாரே, அவரா?"

"ஆமாம். தெரியுமா?"

"தெரியாம என்ன சார், கடைசியா அந்த வண்டிய கட்டி இழுத்துக்கிட்டு வந்ததே நாங்கதான். பச்சைமலை அடிவாரத்துலேருந்து வந்துக்கிட்டிருந்தாரு. ரேடியேட்டர்ல தண்ணியே இல்ல. சூடாயிடுச்சுன்னு டிரைவர் சொல்லியும் கேக்காம ஓட்டச் சொல்லியிருக்காரு. நின்னதும் எரியிற என்ஜின்ல பச்சத் தண்ணிய ஊத்தச் சொல்லிட்டாரு. பிளாக் வெடிச்சிருச்சு."

நான் புரியாமல் நின்றேன். "பிளாக்கா?"

"ஆமாங்க. சிலிண்டரெல்லாம் இருக்கிற அடிக்கட்டை. பக்கவாட்டுல விரிசல். ஊத்துன தண்ணி அப்படியே வெளிய வடிஞ்சுது. என்ஜினையே மாத்தணும், இதுக்கு அவ்வளவு செலவு பண்றது வேஸ்ட்டுன்னு நானே அவர்கிட்ட சொன்னேன். சரி விடுன்னாரு." அவர் ஹெட்டை மேஜை மேல் வைத்தார். "வேற பிளாக் வாங்கிட்டீங்களா சார்?"

"இல்லை" என்றேன். அவர் என் கைகளைப் பார்த்தார். பிறகு பேச்சை மாற்றி டீ சொல்லட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஹெட்டை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து நேராக ஷெட்டுக்குப் போனேன். புகைக்குழாய் இருந்த பக்கம், அதற்கும் கீழே, எண்ணெயும் மண்ணும் சேர்ந்து தார் போல இறுகியிருந்தது. அத்தனை நாளும் அதற்கு மேலேதான் வேலை செய்துகொண்டிருந்திருக்கிறேன். கரண்டியால் சுரண்டி, டீசல் விட்டு, கம்பித் தூரிகையால் தேய்த்தேன். ஒரு சாண் நீளத்துக்கு விரிசல் தெரிந்தது. நகம் உள்ளே போகிற அளவு.

கூடத்தில் அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மத்தியானம், நண்பர்கள் வர இன்னும் நேரம் இருந்தது.

"பிளாக் வெடிச்சிருக்குன்னு உங்களுக்குத் தெரியுமாப்பா?"

அவர் பேப்பரை மடித்தார். மறுக்கப்போகிறார் என்று நினைத்தேன். மறுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"தெரியும்."

"அப்பறம் ஏன் என்னைப் பண்ணச் சொன்னேள்?"

"நோக்கு ஏதாவது ஒண்ணு வேண்டியிருந்தது. இல்லேன்னா கூடத்துலயே உக்காந்துண்டிருப்பே."

"நான் உக்காந்தா என்ன?"

"வரவாள்லாம் கேக்கறாளே. நான் என்னன்னு சொல்றது? பிள்ளைக்கு வேலை போயிடுத்து, ஆத்துக்காரி அனுப்பி வெச்சுட்டான்னு சொல்லவா? கார் பண்றான்னு சொன்னேன். எனக்கும் கௌரவமா இருந்தது, நோக்கும் பொழுது போச்சு. இதுல என்ன குறைஞ்சு போயிட்டே?"

சாயங்காலம் காற்று வரும் என்று அவர் சொன்னது அப்போதுதான் எனக்கு விளங்கியது. நண்பர்கள் வருகிற வேளையில் நான் கண்ணில் படாமல் கொல்லையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். எப்போதாவது யாராவது எட்டிப் பார்த்தால் கை முழுக்கக் கரியோடு நான் மும்முரமாகத் தெரிய வேண்டும்.

அடுக்களை வாசலில் அம்மா நின்றிருந்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

"நோக்குமா தெரியும்?"

"அப்பா அப்பவே சொன்னார்" என்றாள் மெதுவாக. "நீயும் அதுலயே மனசு வெச்சிண்டிருந்தே. முகத்துல கொஞ்சம் தெளிவு வந்துது. எப்படிச் சொல்றதுன்னு தெரியலை."

அந்த டெட்டாலும் பஞ்சும், தினமும் அவள் ஷெட்டுக்குக் கொண்டுவந்த காப்பியும், எல்லாம் தெரிந்தே கொடுத்தவை. அப்பா சொன்னதைவிட இதுதான் எனக்கு உள்ளே இறங்கியது. அப்பாவைப் பற்றி எனக்கு முன்பே ஓரளவு தெரியும்.

"பேசாம பழைய இரும்புக்குப் போட்டுடு" என்றார் அப்பா, பேப்பரை மறுபடி விரித்துக்கொண்டு. "எடுக்கறவனைக் காலம்பர வரச் சொல்லு. சாயங்காலம் வேண்டாம்."

நான் சாயங்காலம் வரச் சொன்னேன்.

சந்து குறுகல். காரைச் சங்கிலி கட்டித் தெருமுனை வரை இழுத்துப்போய்த்தான் லாரியில் ஏற்ற முடிந்தது. காற்றில்லாத சக்கரங்கள் கல்லில் உரசிய சத்தம் தெருவுக்கே கேட்டது. கூடத்திலிருந்து எல்லோரும் எழுந்து வந்துவிட்டார்கள். அப்பாவும் வர வேண்டியதாயிற்று.

"என்னப்பா, இத்தனை பாடுபட்டியே, ஓடலையா?" என்று வங்கி மேனேஜர் மாமா கேட்டார்.

"ஓடாது மாமா. பிளாக் பத்து வருஷத்துக்கு முன்னாடியே வெடிச்சிடுத்து. அப்பாவுக்குத் தெரியும். நேக்கு வேலை போயிடுத்து, லீவெல்லாம் இல்லை. உங்ககிட்டச் சொல்ல அவருக்குக் கூச்சமா இருந்தது. அதனால கையில ஸ்பேனரைக் குடுத்து வெச்சிருந்தார்."

சாதாரணக் குரலில்தான் சொன்னேன். நண்பர்களில் ஒருவர் லாரியின் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்பாவின் முகம் மாறவில்லை. தோளில் இருந்த துண்டை எடுத்து மறுபடி அதே தோளில் போட்டுக்கொண்டார். "கொசு கடிக்கறது. உள்ள போலாம் வாங்கோ" என்றார். அவர்கள் உள்ளே போனார்கள். அன்று சீக்கிரமே கலைந்துவிட்டார்கள்.

அதைச் சொன்னதும் மனசு ஆறிவிடும் என்று நினைத்திருந்தேன். ஆறவில்லை. ஆனால் சொல்லியிருக்க வேண்டாம் என்றும் இன்றுவரை தோன்றவில்லை.

மகளுக்குப் போன் செய்து கார் போய்விட்டது என்றேன். "அத்தனை நட்டு கழட்டினியேப்பா" என்றாள். லீவுக்கு அவள் வரவில்லை, ஏதோ கோச்சிங் இருந்தது.

ஆடியில் மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு ஜவுளிக் கடையில் கணக்கெழுதுகிற வேலை கிடைத்தது. பழைய சம்பளத்தில் பாதிக்கும் கீழே. சென்னைக்குத் திரும்பிப் போய்த் தேடலாமே என்று மனைவியிடம் கேட்டபோது, "கிடைச்சதை விட வேண்டாமே" என்றாள். அதனால் அப்பா வீட்டிலேயே இருக்கிறேன். மாதம் ஒரு தடவை பல்லவன் ரயிலில் சென்னைக்குப் போய்விட்டு வருகிறேன்.

அப்பா என்னோடு பேசாமல் இல்லை. கரண்ட் பில் கட்டியாயிற்றா, மாத்திரை வாங்கினாயா என்று கேட்பார். நானும் பதில் சொல்வேன். போன மாதம் யாரோ உறவுக்காரர்களிடம் போனில், "மொத்த வியாபாரத்தோட பைனான்ஸ் முழுக்க அவன்தான் பாத்துக்கறான்" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. நான் கடையில் ரசீதுகளை அடுக்கிக் கூட்டிப் போடுகிறவன்.

நண்பர்கள் இப்போதும் வருகிறார்கள், முன்போல அத்தனை பேர் இல்லை. நான் கடையிலிருந்து திரும்புகிற நேரமும் அவர்கள் இருக்கிற நேரமும் ஒன்றுதான். முதல் சில நாள் வாசல் வழியாக வந்தேன். நான் கூடத்தைக் கடந்து போகும் வரைக்கும் பேச்சு நின்றுவிடும், அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். என்னிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. ஒரு நாள் அம்மா என்னிடம், "கொல்லைக் கதவைத் தாழ்ப்பாள் போடாம வெக்கறேன்" என்றாள். அப்பா சொல்லச் சொன்னாரா, அவளாகச் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை. சந்து வழியாகவே வந்துவிடுகிறேன்.